ஏழுபாறையில் கால் ஈரமானவர்கள்

ஊசியாற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுப்பதைப் பற்றி ஏழுபாறை மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு அதிகாரிகள் மலையிறங்கிப் போன மறுநாள் காலையில், ஊரில் சிலருடைய கால்கள் ஈரமாகிவிட்டன. தொட்டுப் பார்த்தால் பாதம் காய்ந்துதான் இருந்தது, வெடிப்பில் புழுதிகூட அப்பியிருந்தது. ஆனால் அந்தப் பாதத்தைத் தரையில் வைத்து எடுத்தால், அப்போதுதான் ஆற்றில் முங்கி எழுந்து வந்தவருடையதைப் போல ஐந்து விரலும் குதிகாலுமாக ஈரத்தடம் விழுந்தது. குனிந்து மோந்தால் பாசி வாடை அடித்தது. சில தடங்களில் கடுகளவு மணலும் கிடந்தது.

முதலில் கவனித்தவள் ஒச்சம்மாள். பால் சொசைட்டியில் இருபத்திரண்டு வருடமாகப் பாலுக்கு டிகிரி பார்க்கிறவள் அவள். கொண்டுவருகிற பாலில் ஒரு செம்பை எடுத்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, மிதக்கும் அளவுகோலை உள்ளே விட்டு, கண்ணைப் பால்மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்ப்பாள். இருபத்தெட்டு என்றால் நல்ல பால். இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் தண்ணீர். அவளை ஏமாற்றியவர் ஊரில் கிடையாது என்று சொல்வார்கள், ஏமாற்றப் பார்த்தவர்களே அதை முதலில் சொல்வார்கள். அன்று காலை சொசைட்டியின் சிமெண்டுத் தரையில் வரிசையாக ஈரத்தடங்கள் வந்து நிற்பதையும், அவற்றுக்கு நடுவே சில ஜோடிக் கால்கள் மட்டும் எந்தத் தடமும் இல்லாமல் நிற்பதையும் பார்த்தபோது, அவள் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாக ஏறிட்டுப் பார்த்தாள்.

அப்படிப் பார்க்கக் காரணம் இருந்தது. முந்தின நாள் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த கூட்டத்தில், புகையில்லாத மின்சாரம் வரும் என்றார் ஒருவர். தாருரோடு வரும் என்றார் ஊராட்சித் தலைவர். ஆற்றுமீன் என்ன ஆகும் என்று வனத்துறையிலிருந்து வந்தவர் எழுதி வைத்து வாசித்தார். ஒன்பது வீடுகள் மட்டும்தான் தண்ணீருக்குள் போகும், அவற்றுக்கும் மேட்டில் மனை உண்டு என்றது கம்பெனியின் அறிக்கை. ஒச்சம்மாள் மைக்கைப் பிடித்து, ஒன்பது வீடானாலும் ஊர் ஊர்தான், ஏழுபாறை இதற்குச் சம்மதிக்காது என்று எல்லாருக்குமாகச் சேர்த்து நெடுநேரம் பேசினாள். கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டத்தை நடத்திய அதிகாரி கோப்பைப் புரட்டியபடி, "ஊரில் நாற்பத்தாறு பேர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் கொடுத்திருக்கிறார்களே," என்று சாதாரணமாகச் சொன்னார். பேர் சொல்லவில்லை. பேர் சொல்லாமல் அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஊர் அந்த நாற்பத்தாறு பேரோடு தனியாக விடப்பட்டது.

ஆகவே மறுநாள் கால்கள் ஈரமானபோது எதற்காக ஈரமாயின என்று யாரும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களை ஆறு காட்டிக்கொடுத்துவிட்டது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஏழுபாறையில் மனிதர்கள் ஒருவரையொருவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினார்கள். டீக்கடைக்காரர் ஈரக்காலர்களுக்கென்று கடைக்கு வெளியே ஒரு பெஞ்சைப் போட்டார், அதைப் போட்டது வழுக்கிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் என்றும் சொன்னார். கோயில் வாசலில் சாக்கு விரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாடச் சொல்லவில்லை, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறுங்காலோடு நடக்கச் சொன்னார்கள். காய்ந்த காலோடு இருந்த ஒருவர் ரப்பர் செருப்புப் போட்டு நடந்தால் எதையோ மறைக்கிறார் என்றார்கள், கழற்றி வைத்துவிட்டு நடந்தால் எதையோ காட்டிக்கொள்கிறார் என்றார்கள். கீழேயிருந்து வந்த டாக்டர் இது ஒருவகை வியர்வை என்று சொல்லிப் பவுடர் கொடுத்தார். பவுடர் போட்ட கால்கள் ஈரத்தடத்தோடு வெள்ளைத் தடமும் சேர்த்துப் போட்டன.

நாலு நாளில் எண்ணிக்கை நாற்பத்தாறைத் தாண்டியது. பத்தாம் நாள் நானூறைத் தொட்டது. அதனால் சந்தேகம் குறையவில்லை. அதிகாரி வேண்டுமென்றே குறைத்துச் சொல்லியிருக்கிறான் என்றது ஊர். பச்சைக் குழந்தைகள் தவழ்ந்த இடமும் நனைந்தபோது, பெற்றவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள் என்றது. ஈரக்காலர்கள் சத்தியம் செய்தார்கள், சூடம் அணைத்தார்கள். அவர்கள் எவ்வளவு பலமாக மறுத்தார்களோ அவ்வளவு பலமாக ஊர் நம்பியது. அவர்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் நம்பவில்லை. நான் போடவில்லை என்பது எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரன் போட்டானா இல்லையா என்பது யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்கள்.

சீனியம்மாளின் காலும் ஈரமாகியிருந்தது. அவள் ஒச்சம்மாளுடைய வீட்டுக்காரர் தவசியின் தங்கை. புருஷன் இறந்தபிறகு இரண்டு மாட்டை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் கொண்டுவந்த பாலில் அளவுகோல் இருபத்தொன்றில் போய் நின்றது.

"சீனி, பாலு இருபத்தொண்ணு காட்டுது," என்றாள் ஒச்சம்மாள்.

"மதினி, எம்மாட்டுப் பால எத்தன வருசமாப் பாக்குறீங்க? ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருக்கனா?"

"கால்லயே தண்ணிய வச்சுக்கிட்டு நிக்கிறவ, பால்ல வைக்க மாட்டியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒச்சம்மாள் அந்தப் பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவி, சின்னப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லி விளையாடின. ராத்திரிச் சாப்பாட்டின்போது தவசி, "எந்தங்கச்சிய அப்பிடிச் சொல்லிருக்க வேணாம்," என்று மட்டும் சொன்னார். தலையைத் தூக்கவில்லை. ஒச்சம்மாள் தரையைப் பார்த்தாள். தவசி உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றித் தரை காய்ந்திருந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஈரக்காலர் வீட்டு மாடுகள் எல்லாவற்றின் பாலும் அதே போல நீர்த்துப்போனது. சொசைட்டி கூடி, அந்த வீடுகளில் இனிப் பால் எடுப்பதில்லை என்று முடிவு செய்தது. சொசைட்டிக்கு வர முடியாதவர்கள் வீட்டில் கேன் எடுக்கிற ஆள் தவறிப்போய் நுழைந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு ஈர வீட்டின் முன்சுவரிலும் முறம் அளவுக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போடச் சொன்னவள் ஒச்சம்மாள்தான். எண்பத்தெட்டு வட்டங்கள். ஏழுபாறை மலையின் மூன்று மடிப்புகளுக்குள் திரும்பித் திரும்பிக் கிடக்கும் ஊர். ஒரு தெருவில் நின்றால் இன்னொரு தெரு தெரியாது, எந்த வீடு மேலே எது கீழே என்பதும் உள்ளே இருப்பவர்களுக்குப் பிடிபடாது. ஆகவே அந்த வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தன, துரோகம் எல்லாத் தெருவிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி அனுப்பிய பெனிட்டா என்ற பெண் மதுரையிலிருந்து வந்து ஊராட்சி அலுவலகத்தில் மேஜை போட்டாள். எல்லாத் தரப்பினரின் கருத்தையும் பதிவு செய்வது அவள் வேலை. விவசாயி ஒரு தரப்பு, மாடு வைத்திருப்பவர் ஒரு தரப்பு, பெண்கள் ஒரு தரப்பு, மீன் பிடிப்பவர் ஒரு தரப்பு என்று அவளிடம் தனித்தனிப் படிவங்கள் இருந்தன. "திட்டம் உங்களுக்கு எந்த அளவுக்கு ஏற்புடையதுன்னு ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஊர் வாயைத் திறக்கவில்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஈரத்தடங்களைப் பார்த்துவிட்டு அவள், இதர குறிப்புகள் என்ற இடத்தில், தரைகளில் ஈரப்பதம் அதிகம் என்று எழுதிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் சீனியம்மாள் ஆள் அனுப்பினாள். மாடு கன்று போட்டிருக்கிறது, மதினி உடனே வர வேண்டும். ஒச்சம்மாள் ஒரு முடிவோடுதான் போனாள். எங்கேயாவது தண்ணீர்க் குடம் ஒளித்து வைத்திருப்பாள், இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். தொழுவத்தில் கல் பாவிய தரை வெயிலில் காய்ந்து கிடந்தது. பிறந்து ஒரு மணி நேரம் ஆன செவலைக் கன்று, தாய் நக்கித் துடைத்த உடம்போடு தள்ளாடி எழுந்து, நாலு அடி வைத்தது. நாலு அடியும் ஈரமாகப் பதிந்தன.

ஒச்சம்மாள் சேலை முந்தானையால் கன்றின் குளம்புகளை ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்தாள். தூக்கிப் போய் வேறு கல்லில் நிறுத்தினாள். அங்கேயும் ஈரம். மூன்று தடவை துடைத்தாள், மூன்று தடவை நடக்கவிட்டாள். சீனியம்மாள் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இது எப்ப வந்து கையெழுத்துப் போட்டுச்சு?"

ஒச்சம்மாள் முந்தானையைப் பிழிந்தாள், அதிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை. எழுந்து வெளியே வந்தாள். ஊருக்குள் திரும்பிப் போனால் என்ன ஆச்சு என்று நாலு பேர் கேட்பார்கள், அதனால் மரப்பாலத்தில் ஆற்றைக் கடந்து எதிர்மலைப் பாதையில் கால்போன போக்கில் ஏறினாள். மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து, வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் ஊரைப் பார்த்தாள்.

மூன்று மடிப்பும் அங்கிருந்து ஒன்றாகத் தெரிந்தன. சுண்ணாம்பு வட்டங்கள் வெயிலில் பளிச்சென்று இருந்தன. முதல் மடிப்பின் கீழ்த்தெருவில் பதினைந்து இருபது, நடு மடிப்பில் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கொத்தாக, மூன்றாம் மடிப்பில் மேட்டுத்தெரு என்று பேர்வைத்த தெருவில்கூட நாலு. ஆக மேலே இருந்த வட்டங்கள் எல்லாம் மூன்று மடிப்பிலும் ஒரே உயரத்தில் வந்து நின்றன. நூல் பிடித்தது போல ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒரு வட்டம்கூட இல்லை, கோட்டுக்குக் கீழே வட்டம் இல்லாத வீடு இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தினம் இரண்டு வேளை கண்ணைத் தாழ்த்திக் குடுவையில் மட்டம் பார்த்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த மலைமடிப்பில் தண்ணீர் வந்து நின்றால் அதுவரைக்கும்தான் நிற்கும். அறிக்கை சொன்ன ஒன்பது வீடுகள் வட்டங்களின் ஆக அடியில், ஆற்றை ஒட்டிக் கிடந்தன. கோட்டுக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் அவளுடைய வீட்டின் நீலக் கதவு தெரிந்தது.

முழுகப்போகிறவர்களை ஆறு முன்கூட்டியே வந்து தொட்டிருக்கிறது. ஊர் அவர்களை வெளிப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. அவர்கள் வீட்டுச் சுவரில் வட்டம் போடச் சொன்னவள் தான்தான் என்பது ஒச்சம்மாளுக்கு நினைவுக்கு வந்தது.

அப்படியானால் கையெழுத்துப் போட்ட நாற்பத்தாறு பேர் யார்?

நேரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். பெனிட்டா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சம்மதக் கடுதாசிங்க உங்கிட்ட இருக்காம்மா?"

"நகல் இருக்கும்மா."

"நாங்க பாக்கலாமா?"

"தாராளமா. யாரு வேணா பாக்கலாம்னுதான் சட்டம். இந்த மேசையிலதான் ஒரு மாசமா இருக்கு," என்று பெனிட்டா கோப்பை எடுத்து வைத்தாள். "இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து கேக்கலியே."

ஒச்சம்மாள் விரல் வைத்துப் படித்தாள். எல்லாம் நீலக் கதவுக்குப் பக்கத்து வீடுகள், அதற்கு மேலே உள்ள வீடுகள். வட்டம் போடாத வீடுகள். டீக்கடைக்காரர் இருந்தார். சொசைட்டித் தலைவர் இருந்தார். பதினொன்றாவது கையெழுத்து தவசியுடையது. அவர் பேரை எழுதும்போது எப்போதும் போடும் அந்த வளைவு அப்படியே இருந்தது.

தவசி மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் மறுக்கவில்லை.

"ஆமா. போட்டேன். நம்ம வீட்டுக்குத் தண்ணி வராதுன்னாங்க. ரோடு வரும்னாங்க. உனக்குத்தான் மூட்டு வலி, பஸ்ஸு வாசலுக்கே வந்தா நல்லதுதானன்னு நெனச்சேன்."

"யாரு வீட்டுக்கு வரும்னு கேட்டீங்களா?"

"அதக் கேட்டா அவங்க சொல்லுவாங்க. அப்புறம் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?"

அதைச் சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டவர் போல நின்றார். ஒச்சம்மாள் சத்தம் போடவில்லை.

"உங்க தங்கச்சி பால நான் சாக்கடைல ஊத்துனேன். நீங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னீங்க."

"சொன்னா நீ என்ன செய்வியோன்னு இருந்துச்சு," என்றார் தவசி.

இரண்டாவது கூட்டம் அடுத்த வாரம் நடந்தது. ஒச்சம்மாள் மைக்கைப் பிடித்து, எதிர்மலையிலிருந்து பார்த்ததைச் சொன்னாள். வட்டம் போடச் சொன்னது நான், கையெழுத்துப் போட்டது என் வீட்டுக்காரர் என்று சேர்த்துச் சொன்னாள். வெளிப் பெஞ்சுக்காரர்கள் கூட்டத்தின் கடைசியில் தங்கள் ஈரத்தில் நின்றுகொண்டு கேட்டார்கள். டீக்கடைக்காரர் எழுந்து போனார். அதிகாரி முதலில் சிரித்தார், பிறகு மனசு கேட்காமல் நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு எதிர்மலை ஏறினார். அளவையாளர் முக்காலிக் கருவியில் கண் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், அறிக்கையில போட்ட உயரத்துக்கும் அணைக்குப் போட்ட வரைபடத்துக்கும் பதினோரு மீட்டர் இடிக்குது," என்றார். அது தட்டச்சுப் பிழை என்று கம்பெனி இரண்டே நாளில் கடிதம் எழுதியது. ஒரு தட்டச்சுப் பிழைக்குள் எழுபத்தொன்பது வீடுகள் எப்படி நுழைந்தன என்று அதில் இல்லை. திட்டம் மறு ஆய்வுக்குப் போனது. அணை வராது என்று யாரும் சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை.

கால்கள் காயவில்லை. வெளிப் பெஞ்சு உள்ளே போடப்பட்டது, அதில் யாரும் வந்து உட்காரவில்லை. சுண்ணாம்பு வட்டங்களை அழிக்க ஆள் போனபோது ஈரக்காலர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள், அளக்க வருகிறவர்களுக்கு அடையாளம் வேண்டும். அவர்கள் நீர்த்த பாலைத் தாங்களே காய்ச்சி மோராக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்தில் தனியாகக் கூடினார்கள். காய்ந்த காலுக்கு அங்கே இடமில்லை. எங்களுக்காக இனி எவரும் பேச வேண்டாம் என்பது அவர்கள் எழுதிய முதல் தீர்மானம். ஒச்சம்மாள் முதல் ஞாயிறு வாசல்வரை போய், அதை யாரோ உரக்க வாசிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

சொசைட்டி வேலையை அவள் விட்டாள். தவசியோடு சண்டை போடவில்லை. அவருக்கு இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு, துணிமணியை ஒரு டிரங்குப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, சீனியம்மாளின் வீட்டை ஒட்டிப் பூட்டிக் கிடந்த வீட்டில் போய்க் குடியேறினாள். அவர்களோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை. அதை யார் நம்புவது? நஷ்டஈட்டுப் பட்டியலில் பேர் ஏற்றத்தான் வந்திருக்கிறாள் என்றார்கள் கீழே இருந்தவர்கள். கம்பெனிக்கு உளவு சொல்ல வந்திருக்கிறாள் என்றார்கள் சிலர். மேலே இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவள் தண்ணீர் எடுக்கப் போகும்போது எல்லாரும் அவள் கால் பட்ட கல்லைப் பார்த்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். கல் ஒவ்வொரு தடவையும் காய்ந்தே இருந்தது. அவள் மறுத்துப் பேசவில்லை. பேசினால் என்ன நடக்கும் என்பதை அந்த ஊரில் அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

புதிதாகக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். சீனியம்மாள் வீட்டை முடித்துவிட்டு அவள் வாசலுக்கு வந்து பேனாவைத் திறந்தார்.

"இந்த வீட்ல எத்தன வருசமா இருக்கீங்க?"

"பதினேழு நாளா."

"கூட்டத்துக்கு முன்னாடியே இருந்ததா எழுதிக்கலாமா? பலபேரு அப்பிடித்தான் சொல்றாங்க."

"பதினேழு நாள்னு எழுதுங்க."

"அப்ப நீங்க பாதிக்கப்பட்டவங்க லிஸ்ட்ல வர மாட்டீங்கம்மா."

"தெரியும்."

அவர் எதையோ அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் சீனியம்மாள் மோர் கடையும் சத்தம் நின்றதை ஒச்சம்மாள் கேட்டாள். பிறகு சுவருக்கு மேலே சீனியம்மாளின் தலை தெரிந்தது. முகத்தில் சிரிப்பு ஒன்றும் இல்லை.

"மதினி. ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வாங்க. வாயத் தொறக்காம உக்காரணும்."

"சரி," என்றாள் ஒச்சம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனாள். பள்ளிக்கூடத் தரை முழுக்க ஈரமாக இருந்தது, அவள் கடைசி வரிசையில் சேலை நனைய உட்கார்ந்தாள். அணையின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள், மேட்டில் தருவதாகச் சொன்ன மனையில் கிணறு இருக்குமா என்று பேசினார்கள், தப்புத் தப்பாகவும் பேசினார்கள். இரண்டு தடவை அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு தடவையும் சீனியம்மாள் முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். ஒச்சம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெயில் ஏறும்வரை கூட்டம் நடந்தது. பாதியில் பக்கத்தில் இருந்த ஒரு மீன்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்தார். இடம் விட்டாரா, ஒட்ட வேண்டாம் என்று விலகினாரா, அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஒச்சம்மாள் கண்டுபிடிக்கப் பார்க்கவும் இல்லை. வலித்த முழங்காலை மெல்ல அந்த இடத்தில் நீட்டிக்கொண்டு, அடுத்தவர் பேசுவதைக் கேட்டாள்.